தாய் இருக்கும் பிள்ளைக்கு இல்லம் எதற்கு

டிசம்பர் பிறந்ததும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளின் தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கென்று உண்டியல் வைக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டின் குழந்தைகள் இல்லங்களுக்கு வருகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள இல்லங்களும் அதைப் பெறுகின்றன. கொடுப்பவர், பெறுபவர், பக்கத்துத் தெருக்காரர் ஆகிய மூவருக்கும் இதில் கருத்து ஒன்றுதான்: ஆதரவற்ற பிள்ளைக்குப் படுக்கையும் சோறும் ஆங்கிலப் படிப்பும் தரும் இல்லத்துக்குக் கொடுப்பதைவிட உயர்ந்த தர்மம் கிடையாது. பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அப்பாவின் திதிக்கும் 'ஹோமில்' ஒருவேளைச் சாப்பாடு போடும் உள்ளூர்க் குடும்பங்களும் இதே நம்பிக்கையில்தான் போடுகின்றன. நல்ல மனதோடு செய்யப்படும் இந்தக் கொடை பெரும்பாலும் தவறான இடத்துக்குப் போகிறது. குடும்பம் இருக்கிற பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க அது செலவாகிறது. அதே பணம் அந்தப் பிள்ளையின் தாய் கைக்கோ பாட்டி கைக்கோ போயிருந்தால் பிரிவே நேர்ந்திருக்காது.

முதலில் இல்லத்தில் இருப்பவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். மத்திய அரசுக்காக நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் அறிக்கை 2018இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 9,589 குழந்தைகள் இல்லங்கள் இருந்தன. மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழ்நாட்டில்தான் மிக அதிகம். 2020 செப்டம்பரில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களின் இல்லங்களில் உள்ள குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த சுமார் 2.56 லட்சம் குழந்தைகளில் 1.84 லட்சம் பேர் அந்த எட்டு மாநிலங்களில் இருந்தனர். அதே ஆண்டு கொரோனா முடக்கம் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிட்டது. தொற்று தொடங்கியபோது இல்லங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ திரும்பிப் போய்விட்டதாக 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் மூவரில் ஏறத்தாழ இருவருக்குப் போய்ச்சேர ஒரு வீடு இருந்திருக்கிறது. அவர்களில் பலரை அநாதைகள் என்று சொல்லித்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கடல் கடந்து பணம் கேட்கப்பட்டது. மற்ற நாடுகளிலும் நிலைமை வேறில்லை. உலகெங்கும் இல்லங்களில் உள்ள ஐந்து குழந்தைகளில் நால்வருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009இல் எழுதியது.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் வருகிறார்கள்? பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்து விசைத்தறிக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்க்கிறார்கள். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராமல் நிற்கிறது. அதற்கு மேல் மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை; தவணை நாளில் வசூலுக்கு ஆள் வாசலுக்கு வந்துவிடுவார். கணவன் இறந்துபோனாலோ, குடித்துக் கிடந்தாலோ, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போனவன் திரும்பாமல் போனாலோ, அந்தப் பெண் இரவு ஷிப்டுக்குப் போகும்போது ஏழு வயது மகளை யாரிடம் விடுவாள்? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சீருடை, பஸ், நோட்டு என்று எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் யாரோ ஒருவர், "ஹோம்ல சேத்துருங்க அக்கா, படிப்பு சாப்பாடு எல்லாம் ஃப்ரீ" என்கிறார். பிள்ளை போய்விடுகிறது. சேலத்துக் கொலுசுப் பட்டறை, நாமக்கல் கோழிப்பண்ணை, செங்கல் சூளை எதுவானாலும் கதை இதேதான். 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பகுதித் தறித் தொழிலாளர்கள் தரகர்கள் மூலம் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியாகி அரசு விசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. சிறுநீரகத்தையே விற்க வைக்கும் கடன் ஒரு பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பவும் வைக்கும். இந்தக் குடும்பங்களில் பாசத்துக்குக் குறைவில்லை. மாதம் சில ஆயிரம் ரூபாயும், இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான் குறை. கொடையாளர் அனுப்பும் பணம் இந்தக் குறையைத் தீர்க்காமல், குறையின் விளைவுக்குக் கட்டடம் கட்டுகிறது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நாமக்கல்லும் ராசிபுரமும் திருச்செங்கோடும் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்குப் பெயர் போனவை. வசதியுள்ள வீடுகள் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. விடுதியில் விட்டால்தான் படிப்பு வரும் என்ற எண்ணம் ஊரிலேயே ஊறிவிட்டது. ஏழைத் தாயும் அந்த எண்ணத்தோடுதான் இருக்கிறாள். அவள் பார்வையில் இல்லம் என்பது கட்டணமில்லாத விடுதி. பிள்ளையைக் கைவிட்டதாக அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் அந்தப் பிள்ளை கைவிடப்பட்ட குழந்தையாகிவிடுகிறது. அந்தத் தாய்க்கு இது பெரிய அநீதி.

"வீட்டில் சோறே இல்லையே, இல்லத்திலாவது மூன்று வேளை கிடைக்குமே" என்பது இல்லமே நல்லது என்ற கருத்தின் மிகப் பழைய ஆதாரம். 1970களில் அதற்கு வலு இருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டன. அரசு தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் இரண்டு வேளை உணவு பள்ளியிலேயே கிடைக்கிறது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு வேளைக்காக ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து ஐம்பது மைல் தள்ளி வைக்க வேண்டியதில்லை.

கடல் கடந்து வரும் கொடைக்கு இந்த மண்ணில் நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. 1871இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போன முறையீட்டைக் கேட்டு லண்டனில் மேன்ஷன் ஹவுஸ் நிதி தொடங்கப்பட்டு, பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் பணம் திரண்டது. சென்னையில் அதை நிர்வகித்த குழுவின் செயலாளராக இருந்த வில்லியம் டிக்பி அந்த வரலாற்றை 1878இல் இரண்டு பாகங்களாக எழுதி வைத்திருக்கிறார். அநாதைக் குழந்தைகளுக்கும் அதில் பங்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் பெருந்தொகை போனது, மாடு செத்து, விதை தீர்ந்து, கூரை விழுந்து கிடந்த குடியானவர்களுக்கு. மாடு வாங்கவும் விதை வாங்கவும் வீடு வேயவும் பணம் கையிலேயே கொடுக்கப்பட்டது. 150 ஆண்டுகளுக்கு முன் அந்தக் குழுவுக்குத் தெரிந்திருந்த விஷயம் இது: குடும்பம் நிமிர்ந்தால் பிள்ளை பிழைக்கும். பின்னால் வந்த கொடைப் பழக்கம் அதை மறந்து கட்டடத்தின் பக்கம் சாய்ந்தது.

சேலத்தைப் பற்றிப் பேசும்போது எதிர்த்தரப்பு எடுத்துவைக்கும் கனமான வாதம் பெண்சிசுக்கொலை. பிறந்த பெண் குழந்தையைக் கள்ளிப்பால் கொடுத்துக் கொன்ற ஊர்களில் குடும்பத்தை எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. கொலை உண்மை, அதற்குப் பலியான குழந்தைகள் உண்மை. தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஜெயலலிதா அரசு 1992இல் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது, 1997இல்தான் தனி மாவட்டமானது. வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்றது அரசு. அதே 1992இல் அதே அரசு பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தையும் கொண்டுவந்தது. குழந்தையைப் பெற்றோர் தாங்களே வளர்த்தால் அவள் பெயரில் வைப்புத்தொகை போடப்படும். முதலாவது குழந்தையை வீட்டிலிருந்து வெளியே எடுத்தது. இரண்டாவது வீட்டுக்குள் நிறுத்தியது. உயிருக்கு ஆபத்தான முதல் சில நாட்களுக்குத் தொட்டில் தேவைதான். ஆனால் ஏழெட்டு வயதுப் பெண்ணை அந்த ஆபத்து தொடரவில்லை. அவளை இல்லத்தில் வைத்துக்கொண்டு "சிசுக்கொலையிலிருந்து மீட்டோம்" என்று சொல்லிப் பணம் திரட்டுவது அவள் குடும்பத்தின் மேல் சுமத்தும் பழி.

இந்தப் பழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் திருச்சி வழக்கு சாட்சி. உசிலம்பட்டிப் பக்கம் சிசுக்கொலைக்குத் தப்பியவர்கள் என்று சொல்லி, வெளிநாட்டு ஆதரவாளர்களின் உதவியோடு நடந்த ஓர் இல்லத்தில் 89 பெண்கள் வளர்க்கப்பட்டனர். 2015இல் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்து, பெற்றோரைக் கண்டறிய மரபணுச் சோதனை நடத்தும் அளவுக்குப் போனது, பிறகு சி.பி.ஐ. விசாரித்தது. அதற்குள் அந்தப் பெண்களில் பலர் வளர்ந்துவிட்டார்கள். பெற்றவர்கள் கண்டறியப்பட்டபோதும் அவர்களோடு போய் வாழப் பலருக்கு மனமில்லை. அத்தனை வருடப் பிரிவுக்குப் பிறகு அது இயல்புதான். பிரிவைத் தொடங்கி வைப்பது எவ்வளவு எளிதோ, முடித்து வைப்பது அவ்வளவு கடினம்.

அடுத்த வாதம் கணக்கு பற்றியது. இல்லத்துக்குக் கொடுத்தால் ரசீது வரும், பிள்ளையின் படம் வரும், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும். குடும்பத்துக்குக் கொடுத்தால் அப்பன் குடித்து அழித்துவிடுவான் என்கிறார்கள். அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே துணியில் தைத்த சட்டையும் பாவாடையும் போட்டு, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு, உயரவாரியாக வரிசையில் நிறுத்துவார்கள். முன்வரிசைக் குழந்தைகள் கையில் கொடையாளர் பெயர் எழுதிய அட்டை இருக்கும். கடிதத்தை வார்டன் கரும்பலகையில் எழுத, பிள்ளை பார்த்து எழுதும். அம்மாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. கொடையாளருக்குக் கிடைக்கும் இந்தத் திருப்திக்காக ஒரு குழந்தை தன் வறுமையை ஆண்டுதோறும் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கணக்கு என்றால் இது போதாது. பிள்ளை எத்தனை நாள் வீட்டில் இருந்தது, பள்ளிக்குப் போனதா, தாயின் கடன் குறைந்ததா என்று கேட்பதுதான் கணக்கு.

குடித்து அழிப்பார்கள் என்ற பயத்துக்கும் அனுபவம் பதில் சொல்லிவிட்டது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கே போகிறது. பணத்தைப் பெண் கணக்கில் போட முடியும், போடவும் பட்டிருக்கிறது. நாமக்கல்லில் இதைவிட நெருக்கமான சான்று உண்டு. லாரித் தொழிலின் மையமான இந்த மாவட்டம் ஒரு காலத்தில் நாட்டிலேயே எச்.ஐ.வி. தொற்று அதிகமிருந்த மாவட்டங்களில் ஒன்று. ஓட்டுநர்கள் இறந்தார்கள், மனைவிகளும் இறந்தார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டிலும் அத்தை வீட்டிலும் வளர்ந்தார்கள். அவர்களுக்காகத் தமிழக அரசு 2009இல் தனி அறக்கட்டளை அமைத்து, வைப்புநிதியின் வட்டியிலிருந்து படிப்புக்கு உதவியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையைக்கூட உறவுக்குள்ளேயே வைத்து வளர்க்க முடியும் என்பதை இந்த ஊர்ப் பாட்டிகள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

வெளிநாட்டு மாதாந்தர உதவியே பயனற்றது என்பதும் சரியல்ல. புரூஸ் வைடிக் என்ற பொருளாதார அறிஞரும் அவர் சகாக்களும் 'கம்பாஷன் இன்டர்நேஷனல்' அமைப்பின் உதவி பெற்று வளர்ந்தவர்களையும் பெறாதவர்களையும், இந்தியா உட்பட ஆறு நாடுகளில், 10,144 பேரிடம் ஆய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தனர். அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே இருந்து படித்தவர்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். படுக்கை கொடுக்காமலே பலன் வந்திருக்கிறது.

எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஆய்வும் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையல்ல. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் இல்லத்தில் வளரும் பிள்ளைகளையும் குடும்பங்களில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டு, இல்லத்துப் பிள்ளைகள் உடல்நலத்திலும் அறிவு வளர்ச்சியிலும் பின்தங்கவில்லை என்று 2009இல் எழுதினார்கள். ஒரு பக்கம் கொடைப் பணம் வந்து சேரும் இல்லம், மறுபக்கம் எந்த உதவியும் சேராத ஏழை வீடு. இந்தச் சமமற்ற ஒப்பீட்டிலும் வீடு பெரிதாகத் தோற்கவில்லை. இல்லத்துக்குப் போன பணம் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஆய்வு கேட்கவில்லை. கைக்குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில் இல்லத்தில் இருந்த 136 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி தெளிவாக மேம்பட்டது.

படுக்கைகள் கூடினால் பிள்ளைகளும் கூடுவார்கள். 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த சுனாமிக்குப் பிறகு உலகமே பணம் கொடுத்தது. இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் அந்தப் பணத்தில் புதிய இல்லங்கள் எழுந்தன. 2006இல் ஆய்ந்து பார்த்தபோது, சுனாமியின் பேரில் அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்கு மேல் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். பெரும்பாலும் படிப்புக்காகக் குடும்பமே கொண்டுபோய் விட்டிருந்தது. தமிழ்நாட்டில் இன்னும் மோசமானதும் நடந்திருக்கிறது. 2007இல் வெளிவந்த மாமல்லபுரம் இல்லக் கொடுமைகள் பற்றிய கடிதம் வழக்காகி, 2017 மே 5இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி மதன் லோகுர் அமர்வு எல்லா இல்லங்களையும் ஆண்டு இறுதிக்குள் பதிவுசெய்யச் சொன்னது. பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெளிநாட்டுப் பணத்தையே தடுக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களும் தவறு செய்கிறார்கள். மதமாற்றப் புகாரின் பேரில் தொடர்ந்த அனுமதி மறுப்பால் 'கம்பாஷன்' 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்த 1.4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உதவி நின்றது. அன்னை தெரசாவின் பிறரன்பு சபைக்கு வெளிநாட்டு நிதி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த முடிவு 2021இல் கிறிஸ்துமஸ் நாளிலேயே எடுக்கப்பட்டது. பதினைந்து நாட்களுக்குள் உரிமம் திரும்பக் கிடைத்தது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் பெற்ற அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதைப் பிரித்துக் கொடுக்க முடியாது. எனவே தறிப்பட்டறைத் தெருவில் மாலை வகுப்பு நடத்தும் சிறு குழுவுக்கு அந்தப் பணம் வர வழி அடைபட்டது; பழைய பதிவும் பெரிய கட்டடமும் உள்ளவர்களே மிஞ்சினார்கள். குடும்பத்துக்கு உதவி போக வேண்டும் என்று நினைப்பவர் இந்தத் தடையையும் எதிர்க்க வேண்டும்.

உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகளும், வீட்டிலேயே கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் நலக் குழு வழியாக உறவினர் பராமரிப்பு, வளர்ப்புப் பெற்றோர், சட்டப்படியான தத்து என்று வழிகள் உள்ளன. இவை அமையும்வரை தங்க நல்ல சிறிய இல்லம் வேண்டும். அந்த இல்லத்துக்குக் கொடுப்பது முறையான கொடை. மற்றவர்களுக்கு வேண்டியது என்ன என்பதை அரசே கணக்கிட்டு வைத்திருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுப் பிரிவு, விதவைத் தாயோடும் உறவினரோடும் வாழும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், ஏறத்தாழ 45 டாலர், தருகிறது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் 'அன்புக் கரங்கள்' 2025 செப்டம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. தகுதியிருந்தும் இவை கிடைக்காத குடும்பங்கள் ஏராளம். சாதிச் சான்று, வருமானச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அலைய ஒருநாள் கூலியை விட வேண்டும். அந்த அலைச்சலை ஏற்கும் ஒரு களப்பணியாளருக்குச் சம்பளம், இரவு ஷிப்ட் தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தறித்தெருவிலேயே ஒரு காப்பகம், ஜூன் மாதச் செலவுக்கு ஒரு தொகை, முன்பணக் கடனை அடைக்க வட்டியில்லாக் கடன் ஆகியவற்றுக்குத்தான் டிசம்பர் உண்டியல் போக வேண்டும்.

இப்போது இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் பணத்தை ஒரே நாளில் நிறுத்துவதும் கூடாது. 2020இல் அவசரமாக அனுப்பப்பட்ட பிள்ளைகள் வெறுங்கையோடு போய்ப் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான், வீடு திரும்பிய ஒவ்வொரு குழந்தையின் படிப்புக்கும் குடும்ப நிலையைப் பார்த்து மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும்படி அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இல்லம் நடத்துவோர் அந்த முறையைத் தாங்களே கைக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் தேடிப் பார்த்து, கோடை விடுமுறையில் தொடங்கி ஆண்டுக்குச் சிலராக வீடு சேர்த்து, அந்தப் பிள்ளையின் பேரில் வந்துகொண்டிருந்த தொகையைக் குறைந்தது பள்ளிப்படிப்பு முடியும்வரை தாயின் கணக்கில் செலுத்தலாம். காலியாகும் கூடங்களைப் பகல் காப்பகமாகவும் மாலைப் படிப்பு மையமாகவும் மாற்றலாம். வார்டன்களும் சமையல்காரர்களும் அங்கேயே வேலை செய்யலாம். இதற்கு வெளிநாட்டுக் கொடையாளரின் சம்மதம் வேண்டும். பிள்ளையின் படம் இனி வராது என்பதையும் அவர் ஏற்க வேண்டும்.